ஸ்டோரில் பற்றரி வேலை: புதிதாக வரும் தம்பி தங்கச்சிகளுக்கு

சுவரில் வரும் கரண்டுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. எங்கேயாவது வயர் கருகினால் ஓடிப்போய் மெயினை இறக்கிவிடலாம். பற்றரிக்கு அந்த வசதி கிடையாது. வண்டியிலிருந்து கழற்றி மூலையில் வைத்தாலும் அதன் இரண்டு டேர்மினலும் உயிரோடுதான் இருக்கும். மேலே ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் போதும், ஸ்பேனர் சிவந்துவிடும். "பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஷொக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஷோர்ட் ஆனால் நூற்றுக்கணக்கான அம்பியர், சில நேரம் ஆயிரத்துக்கு மேலும் ஒரே கணத்தில் பாயும்.

மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே எலெக்ட்ரீசியனுக்கு உதவியாக, ஜெனரேட்டர் பார்க்க, பெக்கிங் அறையில் சரக்கைத் தூக்கி நகர்த்தும் பேலட் டிரக் ஓட்ட என்று புதிதாகச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லொறி கராஜில் வேலை செய்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் நாள்: தொடாமல் ஒரு சுற்று

முதல் நாளே சார்ஜர் கிளிப்பைக் கையில் எடுக்காதீர்கள். ஸ்டோரை ஒருமுறை சுற்றி, எங்கெங்கே என்ன பற்றரி இருக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணப் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பற்றரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுத்திருப்பார்கள். கொழுந்து லொறியிலும் டிராக்டரிலும் ஒன்றிரண்டு இருக்கும். பேலட் டிரக்கில் 2 வோல்ட் செல் பன்னிரண்டு சேர்ந்து 24 வோல்ட். ஆபீஸிலும், தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டரிலும் யூபிஎஸ் பற்றரி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது அவசரத்துக்கு வாங்கிய இன்வேர்ட்டர் பற்றரிகளும் மேசைக்கு அடியில் தூசியோடு கிடக்கலாம். யாரும் கவனிக்காத பற்றரி அதுதான், முதலில் அதைப் பாருங்கள்.

ஒவ்வொன்றின் ஸ்டிக்கரையும் படியுங்கள். ஈயமும் அசிட்டும் உள்ளதா, மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகையா, மூடி வைத்த வகையா, லித்தியமா என்று தெரியாமல் சார்ஜரை மாட்டக்கூடாது. மூடி வைத்த வகை என்றால் வாயு வராது என்று நினைப்பதும் தவறு. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் அதன் வால்வு திறந்து வாயுவை வெளியே விடும்.

அப்புறம், பற்றரி வைக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா, மழை விட்ட மாதங்களிலும் வருமா என்று கேளுங்கள். கண்ணில் அசிட் பட்ட பிறகு பைப்பைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

குளிரும் மூடிய ஜன்னலும்

நம் ஊரில் பற்றரி ஆபத்து என்றால் நான் முதலில் சொல்வது ஜன்னலைப் பற்றித்தான். கொழும்பில் வேலை செய்பவர் வெக்கை தாங்காமல் கதவைத் திறந்தே வைப்பார். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமும் இரவில் பல் கிட்டும். மூடுபனி உள்ளே வரக்கூடாது, மழை அடிக்கக்கூடாது என்று இருக்கிற ஓட்டையெல்லாம் சாக்குத் திணித்து அடைப்பது நமக்குப் பழக்கம். அப்படி அடைத்த அறைக்குள் இரவு முழுக்க பற்றரி சார்ஜ் ஆகும்.

ஈய அசிட் பற்றரி சார்ஜ் நிறையும் நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனும் வெளிவரும். ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.4 வோல்ட் ஏறும்போது கொதிப்பது போலக் குமிழி விடத் தொடங்கும். ஐதரசனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சோதனைக் குழாய் வாயில் எரியும் குச்சியைக் காட்டி "பொப்" என்று வெடிக்கவைத்துப் பள்ளிக்கூடத்தில் பார்த்தோமே, அதே வாயுதான். காற்றில் 4 வீதம் கலந்தால் பற்றிக்கொள்ளும், 75 வீதம் வரைக்கும் பற்றும். அதனால் அறைக்குள் அது 1 வீதத்தைத் தாண்ட விடக்கூடாது என்பதே பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு.

இதைக் கணக்காகப் பார்த்தால் நன்றாகப் புரியும். ஒரு அம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு அம்பியர் மணி. சார்ஜ் நிறைந்த பிறகும் ஓடும் ஒவ்வொரு அம்பியர் மணிக்கும் ஒரு செல்லிலிருந்து சுமார் 0.42 லீற்றர் ஐதரசன் வரும். பேலட் டிரக்கின் 12 செல்லுக்குள்ளும் 5 அம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு 25 லீற்றர். பத்தடி நீளம், எட்டடி அகலம், எட்டடி உயரம் உள்ள ஒரு சிறிய அறை ஏறத்தாழ 18,000 லீற்றர் கொள்ளும். அதில் 1 வீதம் என்றால் 180 லீற்றர். ஏழு மணித்தியாலம் போதும், அதாவது ஒரு ராத்திரி. ஐதரசன் காற்றைவிடப் பல மடங்கு லேசானது என்பதால் அறை முழுதும் சமமாகப் பரவும் முன்னமே தகரக் கூரையின் அடியில் கூடுதலாகத் தங்கும். பற்றரி மூடிக்கு நேர் மேலே இருக்கும் வாயு எந்தக் கணக்குக்கும் காத்திருக்காது, சார்ஜ் ஏறும்போது அது எப்போதும் பற்றக்கூடியதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆடி மாத மழையில், ஒரு ஸ்டோரில் இப்படித்தான் நடந்தது. ஜெனரேட்டர் பற்றரியை இரவில் சார்ஜ் போட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனோம். தானாக நிற்காத பழைய சார்ஜர். காலையில் சுவிட்சை அணைக்காமலே கிளிப்பை இழுத்தேன். சின்னப் பொறி, அவ்வளவுதான். "டப்" என்று ஒரு செல்லின் தலை உடைந்து பறந்தது. கிரைண்டர் வேலைக்குப் போட்ட கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்ததால் கண் தப்பியது. சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்தேன். அம்மா துவைத்துக் காயப்போட்ட பிறகு பார்த்தால் நெஞ்சுப் பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை. பருத்தித் துணியில் பட்ட அசிட் அப்படித்தான், கழுவும் வரை காட்டிக்கொடுக்காது.

ஆகவே குளிர்ந்தாலும் சரி, கூரைக்குப் பக்கத்தில் ஒரு திறப்பும் தரைக்குப் பக்கத்தில் ஒரு திறப்பும் இருக்க வேண்டும். மழை உள்ளே அடித்தால் திறப்புக்கு வெளியே சாய்வாகத் தகரம் அடியுங்கள், திறப்பை மூடாதீர்கள். சாதாரண ஃபேனின் மோட்டரும் பொறி விடும் என்பதால் அதை மேலே மாட்டி வாயுவை இழுக்கவிடக்கூடாது. கீழே வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளவிடுங்கள். லைட் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருந்தால் நல்லது. உலர்த்தும் மெஷினின் விறகு அடுப்புப் பக்கம் சார்ஜ் போடவே கூடாது, அங்கே எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும்.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பற்றரி அறையில் சாமி படம் வைத்து வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வழக்கம் சில ஸ்டோர்களில் உண்டு. ஆயுத பூசையன்று பற்றரிக்கும் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவோம். படத்தை வெளிச் சுவருக்கு மாற்றுங்கள். பூசைக்கு முதல் நாளே சார்ஜரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து விட்டு, பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கற்பூரத் தட்டு வாசலில் நின்றால் பற்றரி கோபிக்காது.

உடம்பில் என்ன இருக்கிறது?

மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாம் லொக்கருக்குள் போகட்டும். டேர்மினலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் அது சுடும் வேகத்துக்கு விரலை இழுக்க நேரம் கிடைக்காது. கழற்ற முடியாத தாலிக்கொடியை உள்ளே விட்டு, சட்டையின் மேல் பட்டன் வரை பூட்டி, அதற்கு மேலே ரப்பர் ஏப்ரன் கட்டுங்கள். கையில் ரப்பர் உறை, காலில் ரப்பர் பூட்ஸ். பக்கவாட்டும் மூடும் கண்ணாடி கட்டாயம். சாதாரண மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. அசிட் கலக்கும் வேலை என்றால் முகக்கவசமும் வேண்டும்.

இவற்றை ஸ்டோர்தான் தர வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் பற்றியது, தேயிலை ஸ்டோரும் அதற்குள் வரும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் என்ன தேவை என்று எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால் பதில் வராமல் போவது குறைவு.

சார்ஜ் போடும் வரிசை

1. ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பீடி, சிகரட், வெல்டிங், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குனியாதீர்கள், விழுந்தால் நேராக டேர்மினல்களுக்கு மேலேதான் விழும்.

2. பற்றரியின் வெளிப்புறத்தைப் பாருங்கள். வெடிப்பு, வீக்கம், கசிவு இருந்தால் சார்ஜ் போட வேண்டாம். ஒதுக்கி வைத்து, சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள்.

3. மேலே படிந்த ஈரத் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். தேயிலைத் தூசியும் அசிட் ஈரமும் சேர்ந்தால் டேர்மினலுக்கு டேர்மினல் மெல்லியதாகக் கரண்ட் கசியும்.

4. மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகையில், மூடியைக் கழற்றுவதா விடுவதா என்பதைத் தயாரித்தவர் ஒட்டிய ஸ்டிக்கர் சொல்லும். மூடியில் உள்ள சின்னத் துளைகள் அடைபட்டிருக்கக் கூடாது.

5. சார்ஜரின் வோல்டும் பற்றரியின் வோல்டும் ஒன்றா? 24க்கு 24. மேசைச் சார்ஜரில் அம்பியரை நீங்களே வைக்க வேண்டியிருந்தால் பற்றரி கொள்ளளவின் பத்தில் ஒன்று பாதுகாப்பான அளவு: 100 அம்பியர் மணி என்றால் 10 அம்பியர்.

6. சார்ஜர் அணைந்திருக்கும்போதே சிவப்புக் கிளிப்பை நேர் டேர்மினலிலும் கறுப்பை எதிர் டேர்மினலிலும் மாட்டுங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், யாரோ வயர் மாற்றியிருக்கலாம். பற்றரியில் அச்சிட்ட குறியைப் பாருங்கள். கிளிப்பை ஆட்டிப் பாருங்கள், தளர்வாக இருந்தால் அங்கேதான் பொறி கிளம்பும்.

7. இப்போது சுவிட்ச். ஒரு மணி நேரம் கழித்துக் கையை வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். அசிட் 45 பாகை செல்சியசைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். நம் குளிரில் ஒரு பற்றரி சுடுகிறது என்றால் உள்ளே கோளாறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

8. முடிந்ததும் முதலில் சுவிட்ச், பிறகு கிளிப். இந்த இரண்டையும் மாற்றிச் செய்ததற்குத்தான் என் சட்டை போனது.

தண்ணீரும் ஹைட்ரோமீட்டரும்

காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். மலை ஊற்றிலிருந்து வரும் நம் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் கரைந்த உப்புகள் உண்டு. சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள், சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால் முன்னமே நிரப்பினால் அசிட் வழியும். தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் தகடு மூடும் அளவுக்கு முன்னால் கொஞ்சம் ஊற்றலாம். மட்டம் குறைந்ததற்கு அசிட் ஊற்றும் ஆட்களை இன்றும் பார்க்கிறேன். ஆவியாகிப் போனது தண்ணீர், அசிட் உள்ளேயே இருக்கிறது. மேலும் அசிட் ஊற்றினால் தகடு அரிக்கும். எப்போதாவது அசிட் கலக்க நேர்ந்தால் தண்ணீருக்குள் அசிட்டை நூல் மாதிரி ஊற்றிக் கலக்குங்கள். அசிட்டுக்குள் தண்ணீர் விட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

ஹைட்ரோமீட்டர் என்பது அசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி. அதில் 1.265 முதல் 1.280 வரை காட்டினால் முழுச் சார்ஜ். 1.190 பக்கம் வந்தால் பாதி. 1.120 என்றால் தீர்ந்தது. ஆனால் இந்த எண்கள் 25 பாகை வெப்பத்துக்கு ஒட்டியவை. குளிரில் அசிட் கனத்துக் கூடுதலாகக் காட்டும், பாகைக்கு ஏறத்தாழ 0.0007. அசிட் 12 பாகையில் இருக்கும் தை மாதக் காலையில் 1.265 என்று பார்த்தால் உண்மையில் சுமார் 1.256 தான். பற்றரி நிறைந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றுவோம், மறுநாள் அது ஜெனரேட்டரைச் சுழற்றாது. உடனே பற்றரி கெட்டுவிட்டது என்று புதியது வாங்கச் சொல்வோம்.

சார்ஜரிலும் இதே விஷயம்தான். கொழும்பு வெக்கைக்கு வைத்த வோல்டில் ஹாப்புத்தளையில் சார்ஜ் போட்டால் முழுதாக ஏறாது. குளிருக்குச் செல்லுக்கு ஒரு பாகைக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். வெப்பத்தைத் தானே பார்த்துச் சரிசெய்யும் சார்ஜர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வோல்டை நீங்களாகத் திருக வேண்டாம், எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள். கூட்டுவதில் கை தவறினால் மறுபடி ஐதரசன்தான்.

கழற்றி மாட்டும்போது

வண்டியில் எதிர் வயர் பொடியோடு, அதாவது வண்டியின் இரும்பு உடலோடு, சேர்ந்திருக்கும். கழற்றும்போது எதிர் வயர் முதலில், மாட்டும்போது எதிர் வயர் கடைசியில். ஏனென்றால் நேர் டேர்மினலைக் கழற்றும் ஸ்பேனர் பொடியில் இடித்தாலும், எதிர் ஏற்கனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள், முனை மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

லொறிப் பற்றரி 40 கிலோ வரை இருக்கும். மழையில் நனைந்த படிக்கட்டில் ஒருவராக நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதை வீரம் என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். இரண்டு பேர், பட்டி மாட்டி, நிமிர்த்தியபடி. பெரிய ஃபோர்க்லிஃப்ட் பற்றரி ஒரு தொன்னை நெருங்கும், அதற்குச் சங்கிலி பிளொக்கும் பயிற்சி பெற்றவரும் வேண்டும்.

நீர்மின் நிலையங்களிலோ ஃபோன் டவர்களிலோ வேலைக்குப் போனால் நீண்ட பற்றரி வரிசைகளைப் பார்ப்பீர்கள். 2 வோல்ட் செல் 55 சேர்ந்தால் 110 வோல்ட். அங்கே ஷொக்கும் உண்டு, அதிலும் நேரோட்ட மின்பொறி லேசில் அறுபடாது. அந்த வரிசையைப் பொறுப்பாளர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

அசிட் பட்டால்

கண்ணில்: உடனே குழாய்க்கு. இமையை விரலால் பிரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். நம் தண்ணீர் ஐஸ் மாதிரிக் குளிரும், அழுகை வரும், ஆனாலும் நிறுத்தக்கூடாது. தேய்க்க வேண்டாம். தாய்ப்பால், தேங்காய் எண்ணெய், சோடா எதையும் கண்ணில் விடாதீர்கள். ஒருவர் கழுவும்போதே இன்னொருவர் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தோட்டப் பாதையில் வண்டி ஏறி வர நேரம் எடுக்கும், அதுவரை கழுவுவது நிற்கக் கூடாது.

தோலில்: சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நிறையத் தண்ணீர்.

தரையில்: அப்பச்சோடாவை மேலே தூவுங்கள், நுரைத்து அடங்கும். நுரை நிற்கும் வரை தூவி, பிறகு கழுவுங்கள். பற்றரி அறையில் ஒரு டின் நிறைய அப்பச்சோடா எப்போதும் இருக்கட்டும். மரத்தூள் போடாதீர்கள்.

லித்தியம் பற்றரியில் இந்த அசிட் தொல்லை இல்லை, சாதாரணமாகச் சார்ஜ் ஏறும்போது ஐதரசனும் வராது. அதற்கு வேறு குணம்: அடிபட்டாலோ, தவறான சார்ஜர் மாட்டினாலோ உள்ளே சூடேறி, அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும். அதனோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள். வீங்கினாலோ புகைந்தாலோ ஆட்களை வெளியேற்றித் தீயணைப்புக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போகும்முன்

ஈயத் தூசி கண்ணுக்குத் தெரியாது. தேத்தண்ணிக்கும் ரொட்டிக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலை உடுப்பை ஸ்டோரிலேயே மாற்றி, பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் துவையுங்கள்.

தீர்ந்த பற்றரியை லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய் உடைத்து ஈயம் உருக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அந்தப் புகை குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், தண்ணீர் ஓடும் கானுக்குள் ஊற்றிய அசிட் கீழே இருக்கும் லயத்தின் பீலிக்குத்தான் போகும். அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளர் வரும்வரை பிளாஸ்டிக் தட்டின் மேல் நிமிர்த்தி வையுங்கள், டேர்மினல்களுக்கு டேப் ஒட்டுங்கள், மேலே "பழையது" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆள் அதை நல்லது என்று நினைத்து இரவுக்குச் சார்ஜ் போட்டுவிடுவார்.